தண்ணிக்கடியில் யோ-யோ ஆடுது என் ரோபோ, கண்ட்ரோல் பக்கம் எங்கே தப்பு?

கூண்டுமீன் | சனி, இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். நான் பினாங்கு, தெலுக் கும்பார் பக்கம். வேலை பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில், டெக்னீஷியன். சால்டரிங் நல்லா வரும். கண்ட்ரோல் தியரி எல்லாம் யூடியூப் படிப்புதான், அதை முதல்லயே சொல்லிடறேன்.

அப்பா ஒரு தவுக்கேயோட (முதலாளி) மீன் கூண்டில் இருபது வருசமா வேலை செய்றார். கரையிலிருந்து சம்பான்ல பத்து நிமிசம். சியாக்காப், கெராப்பு ரெண்டும் வளர்க்கிறாங்க. வலையில் கை நுழையற அளவு கிழிசல் விழுந்தா போதும், விடியறதுக்குள்ள கூண்டு காலி. அதனால வாரம் ஒரு தடவை யாராவது இறங்கி வலையைத் தடவிப் பார்க்கணும். தடவித்தான், ஏன்னா இந்தப் பக்கத் தண்ணி சேறு, முழங்கை தூரத்துக்கு மேல ஒண்ணும் தெரியாது. அப்பாவுக்கு வயசு 58. போன மாசம் காதில் வலியோட மேலே வந்தார். அன்னைக்கு முடிவு பண்ணேன், ஒரு ரோபோ செய்யறதுன்னு.

செஞ்சது இது. அரை இஞ்சி பிவிசி குழாய்ல சட்டம். ட்ரோனுக்குப் போடற பிரஷ்லெஸ் மோட்டார் நாலு, ரெண்டு முன்னே பின்னே போக, ரெண்டு மேலே கீழே. முன்பின் ரெண்டு திசையும் மோட்டாரைச் சுத்த வைக்கற இஎஸ்சி (வேகத்தை மாத்தற போர்டு) நாலு. அக்ரிலிக் குழாய்க்குள்ள ராஸ்பெரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டர் ஒண்ணு, அது கேமராவைப் பார்த்துக்கும். கூடவே ஆர்டுயினோ நானோன்னு ஒரு சின்ன கண்ட்ரோல் போர்டு, அதுதான் மோட்டாருக்கு பல்ஸ் கொடுக்கும், எம்எஸ்5837 ஆழ சென்சாரைப் படிக்கும். மேலே லேப்டாப், கையில் கேம் கண்ட்ரோலர், நடுவில் 30 மீட்டர் கேட்-6 வயர். கரண்டு மேலேருந்து, கார் பேட்டரி 12 வோல்ட்டு, தனியா ரெண்டு கோர் வயர்ல இறங்குது.

பிரச்சினை ரெண்டு. ஒண்ணு, மேலே போற பட்டனை அழுத்தினா பாதி நேரம் எல்லாமே செத்து மறுபடி பூட் ஆகுது. ரெண்டாவது, 2 மீட்டர்ல நில்லுன்னு சொன்னா நிக்க மாட்டேங்குது. 1.5க்கு ஏறும், 2.5க்கு இறங்கும், திரும்ப ஏறும். வலையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்னாத்தான் கேமராவில் எதாவது தெரியும், இது ஊஞ்சல் ஆடினா எப்படிப் பார்க்கறது? பிஐடி (ஆழத்துல எவ்வளவு பிழைன்னு பார்த்து மோட்டாரை எவ்வளவு தள்ளணும்னு போடற கணக்கு) எண்களை ரெண்டு வாரமா மாத்தி மாத்திப் பார்த்துட்டேன்.

தே_ஓ_கோசோங் | சனி, இரவு 10.58

30 மீட்டர் வயரா? இந்தக் காலத்துல வைஃபை போட்டு ஜாலியா ஓட்ட வேண்டியதுதானே பாஸ் 😄

முக்குளிப்பான் | சனி, இரவு 11.20

கோசோங் தம்பி, போனை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி உப்புத் தண்ணி வாளியில் போட்டுப் பாருங்க. நாலு விரக்கடை இறங்கினதும் வைஃபை போயிடும். உப்புத் தண்ணி கரண்டைக் கடத்தும், அதனால் ரேடியோ அலையைக் குடிச்சிடும். தண்ணிக்குள்ள தூரம் போறது சத்தம் ஒண்ணுதான். அதை வெச்சு வீடியோ அனுப்ப நினைச்சா பேரன் காலத்துலதான் படம் வரும். வயர்தான் வழி.

நான் கப்பல் அடி சுரண்டற டைவர். கூண்டுமீன், உங்கப்பா செய்ற வேலையை நானும் செஞ்சிருக்கேன். நல்ல காரியம் பண்றீங்க.

நைட்ஷிப்ட் | ஞாயிறு, அதிகாலை 3.15

சக்கரத்தை மறுபடி கண்டுபிடிக்காதீங்க ப்ரோ. தண்ணிக்கடி ரோபோவை ஓட்டற மென்பொருள் ஆர்டுசப் இருக்கு, இலவசம், சோர்ஸ் கோடு திறந்தே கிடக்கு. அது ஓட ஒரு பிக்ஸ்ஹாக் கண்ட்ரோல் போர்டு வாங்குங்க, ராஸ்பெரி பையில் ப்ளூஓஎஸ் ஏத்துங்க, மேலே லேப்டாப்ல ஓட்டறதுக்கு கியூகிரவுண்ட்கண்ட்ரோல். ஆழம் பிடிக்கிறது, திசை பிடிக்கிறது, லைட், கேமரா டில்ட், எல்லாமே உள்ளே இருக்கு. மூணு மோட்டார் சட்டத்துக்கும் எட்டு மோட்டார் சட்டத்துக்கும் அமைப்பு இருக்கு. உங்க நானோ புரோகிராமை டிலீட் பண்ணிட்டு நிம்மதியாத் தூங்குங்க.

பழைய_வயர்மேன் | ஞாயிறு, காலை 7.05

பட்டர்வொர்த்திலிருந்து. தம்பி, முப்பத்தைந்து வருடம் வயரிங் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் பட்டனை அழுத்தினால் சாகிறது என்று எழுதியிருக்கிறாய், அது கம்ப்யூட்டர் விஷயம் மாதிரித் தெரியவில்லை. மூன்று கேள்வி. அந்த ரெண்டு கோர் வயர் என்ன சைஸ்? மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும்? வோல்ட்டேஜை எங்கே வைத்து அளந்தாய்?

கூண்டுமீன் | ஞாயிறு, காலை 9.30

அங்கிள், வயர் 1.5 சதுர மில்லி. மேலே போற ரெண்டு மோட்டாரும் சேர்ந்து 10 ஆம்பியர் மாதிரி. பேட்டரி நல்லாத்தான் இருக்கு, மோட்டார் ஓடும்போதே மீட்டர் வெச்சுப் பார்த்தேன், 12.4 காட்டுச்சு.

நைட்ஷிப்ட் அண்ணே, பிக்ஸ்ஹாக் வாங்க காசு இப்ப இல்ல. இதுவரைக்கும் 640 வெள்ளி போயாச்சு, அம்மாவுக்குத் தெரிஞ்சது 300தான்.

பழைய_வயர்மேன் | ஞாயிறு, காலை 10.10

மீட்டரைப் பேட்டரி முனையில் வைத்தாய், சரிதானே? பேட்டரி உன் பக்கத்தில் சம்பானில் இருக்கிறது. ரோபோ 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. அளக்க வேண்டியது ரோபோவின் பக்கம்.

கணக்குப் பார். 1.5 சதுர மில்லி செம்புக் கம்பி, கிலோமீட்டருக்கு 12.1 ஓம். கரண்டு போக 30 மீட்டர், திரும்ப 30 மீட்டர், ஆக 60. அதற்கு 0.73 ஓம் வரும். 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 7.3 வோல்ட்டு போய்விடும். 12.4இல் 7.3 கழித்தால் என்ன மிச்சம்? 5.1. அதிலிருந்து உன் 5 வோல்ட்டு கன்வர்ட்டர் எப்படி 5 வோல்ட்டு எடுக்கும்? அதற்கு உள்ளே வருவது கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் வேலை செய்யும்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன், சரியா என்று பார். பட்டனை அழுத்துகிறாய், கம்ப்யூட்டர் பட்டினியில் விழுகிறது. பல்ஸ் நிற்கிறது, மோட்டார் நிற்கிறது. சுமை போனதும் வோல்ட்டேஜ் ஏறி எல்லாம் உயிர் பெறுகிறது. நீ விரலை எடுக்காமல் இருந்தால் மறுபடியும் விழுகிறது. மூச்சிரைக்கிறவன் மாதிரி.

2.5 வயர் போட்டாலும் 4.4 வோல்ட்டு போகும். தடி வயர் இழுத்துக்கொண்டு மீன் கூண்டைச் சுற்ற முடியாது. பேட்டரியை ரோபோவோடு கீழே அனுப்பு.

கூண்டுமீன் | ஞாயிறு, காலை 10.24

அங்கிள்... அப்படியே நடக்குது. மூச்சிரைக்கிறது உட்பட. ராஸ்பெரி பைக்கு கொடுக்கற வோல்ட்டேஜ் 4.63க்குக் கீழே போனா ஸ்கிரீன்ல மின்னல் படம் வரும்னு படிச்சிருக்கேன். வந்துச்சு. நான் அதைக் கண்டுக்கவே இல்ல.

சால்டரிங்_டீச்சர் | ஞாயிறு, மதியம் 1.40

கோலாலம்பூரிலிருந்து. பள்ளிப் பிள்ளைகளோடு குழாய் ரோபோ செய்து பழகியவள் நான். எங்கள் முதல் ரோபோவில் கம்ப்யூட்டரே கிடையாது, ஆறு சுவிட்சு, மூன்று மோட்டார், மோட்டாரைச் சுற்றி மெழுகு. அதுவும் முங்கியது, அதுவும் எழுந்தது. அதனால் நைட்ஷிப்ட் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆர்டுசப் அருமையான மென்பொருள், மறுக்கவில்லை. ஆனால் அதைப் போட்டிருந்தாலும் 5.1 வோல்ட்டில் அதுவும் இப்படியேதான் செத்து எழுந்திருக்கும்.

கூண்டுமீன், பேட்டரியைக் கீழே வைக்கும்போது மோட்டாருக்கு ஒரு பாதை, கம்ப்யூட்டருக்கு ஒரு பாதை என்று பேட்டரி முனையிலேயே பிரித்துவிடுங்கள். கம்ப்யூட்டர் பாதையில் தரமான 5 வோல்ட்டு கன்வர்ட்டர், அதன் வாயில் ஒரு பெரிய மின்தேக்கி. ஃபியூஸ் மறக்க வேண்டாம். உதிரிக்கு இங்கே நாங்கள் ஜாலான் பசாரில் அலைவோம், பினாங்கில் எங்கே கிடைக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நைட்ஷிப்ட் | ஞாயிறு, இரவு 11.50

டீச்சர், கரண்டு பிரச்சினைன்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா யோ-யோ ஆடறது கரண்டு இல்ல, அது ட்யூனிங். பத்து வருசமா ஆயிரக்கணக்கான பேர் ஓட்டிப் பார்த்த கண்ட்ரோலரை விட்டுட்டு, நானோவில் நாப்பது வரி பிஐடி எழுதினா இப்படித்தான்.

சால்டரிங்_டீச்சர் | திங்கள், காலை 6.20

நாற்பது வரி எழுதியவனுக்குத்தான் அந்த ஆயிரம் பேர் என்ன செய்தார்கள் என்று புரியும். சரி, எனக்கு ஸ்கூல் நேரமாகிவிட்டது.

தே_ஓ_கோசோங் | திங்கள், காலை 8.02

ரெண்டு பேரும் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்து பேசுங்க, பில்லு நான் கட்டறேன்

கூண்டுமீன் | வெள்ளி, இரவு 9.15

அப்டேட். பழைய பேட்டரி பேக்கிலிருந்து 18650 லித்தியம் செல் எடுத்து டெஸ்ட் பண்ணி 4எஸ் பேக் (நாலு செல் வரிசையா) கட்டினேன், நிறைஞ்சா 16.8 வோல்ட்டு. ரெண்டாவது குழாய்க்குள்ள வெச்சாச்சு. மேலேருந்து இப்ப கேட்-6 மட்டும்தான். செத்துப் பிழைக்கிற வியாதி போயே போச்சு. அங்கிளுக்கு ஒரு தே தாரிக் கடன்.

ஆனா புதுசா ஒரு கூத்து. தவுக்கேகிட்ட மீன் ஏத்தற 1000 லிட்டர் தொட்டி ஒண்ணு கேட்டு வாங்கி, வீட்டுக்குப் பின்னாடி பைப்புத் தண்ணி நிரப்பி விட்டுப் பார்த்தேன். அரை மணி நேரம் கழிச்சு குழாயைத் திறந்தா உள்ளே ஒரு தேக்கரண்டி தண்ணி. ஓ-ரிங்கில் கீறல் இல்ல, சிலிகான் கிரீஸ் போட்டிருக்கேன், மூடி டைட்டு. நல்ல வேளை கம்ப்யூட்டர் குழாய், பேட்டரி குழாய் இல்ல. தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. மோட்டார் வயர் உள்ளே வர்ற இடம் மட்டும் ஈரமா இருந்துச்சு, ஆனா அதைச் சுத்தி எபாக்ஸி பசை கல்லு மாதிரி இருக்கு.

முக்குளிப்பான் | வெள்ளி, இரவு 9.41

வயருக்கு வெளியே தேடாதீங்க, உள்ளே தேடுங்க. மோட்டார்கிட்ட எதாவது ஜாயிண்ட் போட்டு டேப் சுத்தியிருக்கீங்களா? அங்கே ரப்பர் தோல் திறந்திருக்கும். அதுக்குள்ள மெல்லிசான செம்பு இழை நூறு இருக்கும், நடுவுல இடைவெளி. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி தண்ணியை இழுத்துக்கிட்டே வந்து குழாய்க்குள்ள விடும். ஆழம் போனா அழுத்தமும் சேர்ந்து தள்ளும், 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் கணக்கு.

மூடிக்குள்ள எபாக்ஸி ஊத்தற இடத்துல வயர்த் தோலை ஒரு இஞ்சி உரிச்சு, இழையெல்லாம் ஈயத்துல மூழ்கற வரைக்கும் சால்டர் பண்ணி, அந்த வெறும் இடம் எபாக்ஸிக்கு நடுவுல வர்ற மாதிரி ஊத்துங்க. திரி அங்கேயே அடைபட்டுடும்.

கூண்டுமீன் | வெள்ளி, இரவு 9.50

டேப் சுத்தின ஜாயிண்ட் நாலு இருக்கு அண்ணே 🙈 இன்னைக்கு ராத்திரி அதுதான் வேலை.

பழைய_வயர்மேன் | சனி, காலை 6.45

இனி தண்ணீரில் போட்டுச் சோதிக்காதே. கையால் இழுக்கிற வாக்குவம் பம்பு கிடைக்கும், காருக்கு பிரேக் எண்ணெய் மாற்றுகிறவர்கள் வைத்திருப்பார்கள். குழாயில் 10 அங்குலப் பாதரசம் அளவுக்குக் காற்றை உறிஞ்சி, கால் மணி நேரம் முள்ளைப் பார். முள் இறங்கினால் ஓட்டை இருக்கிறது. காற்றால் கெட்டுப்போகிற சாமான் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. அந்த பேட்டரியை மூடிய குழாய்க்குள் வைத்து சார்ஜ் செய்யாதே. லித்தியம் புகைந்தால் வெளியே போக வழி வேண்டும், மூடிய குழாய் என்றால் அது வெடிகுண்டு.

கூண்டுமீன் | அடுத்த சனி, இரவு 8.30

திரி அடைச்சாச்சு, முள்ளு அசையல. இன்னைக்கு அப்பாவோட கூண்டுக்குப் போனேன். தொட்டியில் தலைகீழா நின்னாலும் மிதக்காம முங்காம இருக்கிற மாதிரி எடை கட்டி வெச்சிருந்தேன், கடல்ல போட்டா கார்க்கு மாதிரி மேலேயே நிக்குது. கீழே தள்ளிக்கிட்டே இருக்கணும். யோ-யோ அப்படியேதான். ஆழத்தைப் பதிவு பண்ணி வெச்சிருக்கேன்: 2 மீட்டர் கேட்டா 1.48லிருந்து 2.53 வரைக்கும் ஆடுது, ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது வினாடி மாதிரி. பிஐடியில பி-யை (இப்ப இருக்கற பிழைக்கான எண்) குறைச்சா மெதுவா ஆடுது, ஆனா ஆட்டம் நிக்கல. டி-யை (பிழை மாறற வேகத்துக்கான எண்) கூட்டினா மோட்டார் கர்புர்னு நடுங்குது.

முக்குளிப்பான் | சனி, இரவு 8.55

மிதக்கிறதுக்குக் காரணம் எளிசு. கடல் தண்ணி பைப்புத் தண்ணியைவிட ரெண்டரை சதவீதம் கனம். உங்க ரோபோ எடை என்ன, 8 கிலோவா? அப்ப கடல்ல 200 கிராம் அதிகமாத் தூக்கும். டைவர்ங்க நாங்களும் ஆத்துல இறங்கும்போது ஈயத்தைக் குறைப்போம், கடல்ல கூட்டுவோம். 200 கிராம் ஈயம் கட்டுங்க.

சால்டரிங்_டீச்சர் | சனி, இரவு 9.20

முழு 200ஐயும் கட்ட வேண்டாம், 100 மட்டும் கட்டுங்கள். காரணம் சொல்கிறேன்.

இஎஸ்சிக்கு 1500 மைக்ரோவினாடி பல்ஸ் என்றால் நில் என்று அர்த்தம். பல இஎஸ்சிகளில் 1475லிருந்து 1525 வரை எதைக் கொடுத்தாலும் மோட்டார் அசையாது, அது செத்த பகுதி. ரோபோ மிதக்காமல் முங்காமல் சரியாக நின்றால், கண்ட்ரோலர் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று இந்தச் செத்த பகுதியைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். சின்னத் திருத்தம் எதுவும் மோட்டாருக்குப் போய்ச் சேராது, பிழை பெரிதான பிறகுதான் திடீரென உதைக்கும். 100 கிராம் மிதப்பு இருந்தால் மோட்டார் எப்போதும் லேசாகக் கீழ்ப்பக்கமே தள்ளிக்கொண்டிருக்கும், செத்த பகுதிக்குள் நுழையவே நுழையாது. கரண்டு போனாலும் ரோபோ தானாக மேலே வரும், அது கூடுதல் லாபம்.

ஆனால் ஒரு மீட்டர் ஆட்டத்துக்கு இது மட்டும் காரணமாக இருக்காது. சென்சாரை எங்கே பொருத்தியிருக்கிறீர்கள்?

கூண்டுமீன் | சனி, இரவு 9.33

சட்டத்துக்கு அடியில் டீச்சர், இடது பக்க மேல்கீழ் மோட்டாருக்குப் பக்கத்துல. வயர் குட்டையா இருந்துச்சு, அதான் அங்கே. ரெண்டு விரல் இடைவெளி.

சால்டரிங்_டீச்சர் | சனி, இரவு 9.41

ஒரு மூங்கில் கழியில் ரோபோவைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கழியைத் தொட்டியின் விளிம்பில் அசையாமல் கட்டுங்கள். பிஐடியை அணைத்துவிட்டு மேல்கீழ் மோட்டாரைக் கையால் ஓட்டுங்கள். ரோபோ அசையாது. ஆழ எண் அசைகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

நைட்ஷிப்ட் | சனி, இரவு 10.05

ம்ம். இது எனக்குத் தோணல. நல்ல டெஸ்ட்.

கூண்டுமீன் | ஞாயிறு, காலை 11.20

டீச்சர்!!! கழியில் கட்டினேன். மோட்டார் நிக்கும்போது 0.62 மீட்டர். கீழே போறதுக்கு 40 சதவீதம் கொடுத்தேன், எண் 0.47 ஆயிடுச்சு. மேலே போறதுக்குக் கொடுத்தேன், 0.75. கழி ஒரு இழை கூட அசையல, அப்பா பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னார். அவரே கேட்டார், "இது நிக்குதா போகுதா?"ன்னு.

சால்டரிங்_டீச்சர் | ஞாயிறு, மதியம் 12.02

அதுதான் ஊஞ்சலின் கயிறு. கீழே போக மோட்டார் தண்ணீரை மேலே தள்ளும், அப்படியென்றால் அடியிலிருந்து உறிஞ்சும். உறிஞ்சும் வாயில் அழுத்தம் குறையும், அங்கே உட்கார்ந்த சென்சார் "நாம் இன்னும் மேலேதான் இருக்கிறோம்" என்று சொல்லும். கண்ட்ரோலர் நம்பி இன்னும் வேகமாகக் கீழே தள்ளும். மேலே போகும்போது அதே மோட்டார் சென்சாரின் முகத்தில் தண்ணீரை ஊதும், அழுத்தம் கூடும், "ஆழமாக இருக்கிறோம்" என்று சொல்லும், இன்னும் மேலே தள்ளும். தவறை எதிர்க்க வேண்டிய சுற்று தவறுக்கே உதவி செய்கிறது. எந்த எண்ணை வைத்தாலும் இது அடங்காது. ஒரு மில்லிபார் என்றால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர், உங்கள் மோட்டார் 15 மில்லிபார் பொய் சொல்ல வைத்திருக்கிறது.

சென்சாரை மோட்டாரிடமிருந்து விலக்கி, குழாயின் பின் மூடிக்குக் கொண்டுபோங்கள். மேலே ஒரு சின்ன மூடி, அதில் ஊசி ஓட்டைகள், உள்ளே கொஞ்சம் ஸ்பாஞ்சு. அழுத்தம் உள்ளே போகும், ஓட்டம் போகாது.

நைட்ஷிப்ட் | ஞாயிறு, மதியம் 2.30

டீச்சருக்கு சலாம். நான் ஒண்ணு சேர்க்கறேன். நீங்க அனுப்பின புரோகிராமையும் போட்டோவையும் பார்த்தேன், லூப்பு (திரும்பத் திரும்ப ஓடற கணக்கு) 10 மில்லிவினாடிக்கு ஒரு தடவை ஓடணும்னு எழுதியிருக்கீங்க. ஆனா அந்த சென்சாரைப் படிக்கற ரெடிமேட் கோடு (லைப்ரரி) ஒரு தடவை படிக்கவே 40 மில்லிவினாடி எடுத்துக்கும், அதுவரைக்கும் நானோ கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். டி கணக்குல நீங்க 10ஆல வகுக்கறீங்க, நிஜத்துல போனது 40. அதனால டி நாலு மடங்கு வீங்கி மோட்டார் நடுங்குது. நிஜ நேரத்தை அளந்து வகுங்க, லூப்பை 20 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்க. 8 கிலோ ரோபோவுக்கு அது தாராளம்.

அப்புறம் சென்சார் வயரையும் மோட்டார் வயரையும் ஒண்ணாக் கட்டியிருக்கீங்க, போட்டோவில் தெரியுது. சென்சார் பேசற ஐ2சி இணைப்பு நீள வயருக்குப் பிறந்தது இல்ல, சீக்கிரம் தொங்கிடும். பிரிச்சு எடுங்க, மோட்டார் வயரை முறுக்கி விடுங்க.

சால்டரிங்_டீச்சர் | ஞாயிறு, மாலை 5.15

கடலுக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி. ரோபோ கீழே போய்க்கொண்டிருக்கும்போது லேப்டாப்பிலிருந்து கேட்-6 வயரைப் பிடுங்கினால் என்ன செய்யும்? ஊகித்துச் சொல்லாதீர்கள், தொட்டியில் பிடுங்கிப் பாருங்கள்.

கூண்டுமீன் | ஞாயிறு, இரவு 8.48

பிடுங்கினேன். கடைசியாக் கேட்ட கட்டளையையே பிடிச்சுக்கிட்டு தொட்டியோட அடியில முட்டி, அங்கேயே நின்னு தள்ளிக்கிட்டு இருந்துச்சு. கையை விட்டு மோட்டாரை நிறுத்த பயமா இருந்துச்சு, வயரைப் பிடிச்சு மேலே தூக்கி சுவிட்சை அணைச்சேன். இது கூண்டுல நடந்திருந்தா...

நைட்ஷிப்ட் | ஞாயிறு, இரவு 11.10

இதயத்துடிப்பு போடுங்க. லேப்டாப் புரோகிராம் ஒரு வினாடிக்குப் பத்து தடவை ஒரு எண்ணைக் கூட்டிக்கிட்டே அனுப்பணும். நானோ அந்த எண் மாறுதான்னு பார்க்கணும். ஒரு வினாடி மாறலைன்னா நாலு மோட்டாருக்கும் 1500. முக்கியம்: துடிப்பு லேப்டாப்பிலிருந்து வரணும், ராஸ்பெரி பையிலிருந்து இல்ல. பை உயிரோடதான் இருக்கும், வயர்தான் போயிருக்கும். பை தொங்கினாலும் இதே வழியில் பிடிபடும். நானோவே தொங்கினா அதுக்கு உள்ளேயே வாட்ச்டாக் (தொங்கினா ரீஸெட் பண்ணற டைமர்) இருக்கு, அதையும் ஆன் பண்ணுங்க.

ஆர்டுசப்ல இது ஒரே ஒரு செட்டிங். தொடர்பு போனா எச்சரிக்கணுமா, மோட்டாரை நிறுத்தணுமா, அதே ஆழத்துல நிக்கணுமா, மேலே வரணுமான்னு கேட்கும். சும்மா சொல்லி வைக்கிறேன் 😏

கூண்டுமீன் | புதன், இரவு 10.30

சென்சார் மாத்தியாச்சு, ஊசி மூடி எங்க வீட்டு சிரிஞ்சு மூடிதான். கழி டெஸ்ட் மறுபடி: 0.62, 0.61, 0.62. துடிப்பு போட்டாச்சு, பிடுங்கினா ஒரு வினாடியில் அடங்கி மெதுவா மேலே வருது. ஞாயித்துக்கிழமை கடல்.

முக்குளிப்பான் | புதன், இரவு 10.52

தண்ணி நிக்கிற நேரமாப் பார்த்துப் போங்க. இங்கே ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்ச நேரம் ஓட்டம் அடங்கும். ஓட்டத்துல விட்டா ரோபோவைவிட வயர்தான் அதிகம் இழுபடும். கேட்-6 முங்கற வயர், மீட்டருக்கு ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு கட்டுங்க.

இன்னொரு விஷயம், உங்களுக்குச் சாதகமானது. உங்க சென்சார் அளக்கறது கடல்மட்டத்திலிருந்து. ஏத்தம் வந்தா தரையிலிருந்து தூரம் மாறும், ஆனா கூண்டும் தண்ணியோட மிதந்து ஏறும். 2 மீட்டர்னு சொன்னா வலையில அதே கண்ணியிலதான் நிக்கும்.

கூண்டுமீன் | ஞாயிறு, மாலை 6.10

நிக்குது!!! 2 மீட்டர் கேட்டா 1.96லிருந்து 2.04. கேமராவில் வலைக் கண்ணி ஒண்ணொண்ணா எண்ணலாம். வலை பூரா சிப்பியும் பாசியும் அப்பியிருக்கு, அப்பா பார்த்துட்டு "இதைத்தான் இத்தனை நாள் கையால தடவினேனா"ன்னார்.

ஆனா பாதியில ஒரு அடி. 2.4ல வேலை முடிஞ்சு 1.5க்கு ஏறச் சொன்னேன், சட்டத்தோட மூலை வலையில் மாட்டிக்கிச்சு. ஒரு நிமிசம் போல அங்கேயே இழுத்துக்கிட்டு நின்னுச்சு. அப்பா கழியால் குத்தி விட்டார். விட்டதும் அம்பு மாதிரி மேலே வந்து சம்பான் அடியில மடார்னு மோதிச்சு. முழங்கை குழாய் ஒண்ணு உடைஞ்சு போச்சு. 1.5ல நிக்கச் சொன்னது ஏன் மேலே வரைக்கும் போச்சு?

சால்டரிங்_டீச்சர் | ஞாயிறு, மாலை 6.44

பிஐடியில் ஐ என்கிற பகுதி பழைய பிழைகளைக் கூட்டி வைக்கும். மாட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடமும் "இன்னும் 90 சென்டிமீட்டர் ஏறவில்லை, ஏறவில்லை" என்று கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. விட்டதும் மொத்தக் கடனையும் வட்டியோடு வசூலித்துவிட்டது. இரண்டு வரி சேர்த்தால் போதும். மோட்டார் உச்சத்தைத் தொட்டுவிட்டால் கூட்டுவதை நிறுத்துங்கள். ஐயின் மொத்தத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள், அந்த 100 கிராம் மிதப்பைச் சமாளிக்க எவ்வளவு தேவையோ அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

கூண்டுமீன் | அடுத்த ஞாயிறு, இரவு 7.25

வரம்பு போட்டாச்சு. வேணும்னே வலையில் மாட்டி விட்டுப் பார்த்தேன், விடுபட்டதும் ஒரு சாண் தாண்டிப் போய் அடங்கிடுச்சு.

மூணாவது கூண்டுல வடக்கு மூலை, 2.7 மீட்டர்ல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சோம். கயிறு தேய்ஞ்ச இடம். கை நுழையும். அப்பா ஒரே ஒரு தடவை இறங்கி, நேரா அங்கேயே போய்த் தைச்சுட்டு வந்தார். தவுக்கே வீடியோவைப் பார்த்துட்டு மத்த ஒன்பது கூண்டையும் பார்க்கச் சொல்லியிருக்கார், பெட்ரோல் காசு தர்றேன்னார்.

தே_ஓ_கோசோங் | ஞாயிறு, இரவு 7.40

பெட்ரோல் காசு மட்டுமா? சியாக்காப் ரெண்டு கேளு பாஸ்!

நைட்ஷிப்ட் | திங்கள், அதிகாலை 2.50

வாழ்த்துகள் ப்ரோ. அடுத்தது திசை பிடிக்கிறது போடுவீங்க. காம்பஸ் சிப்பை பேட்டரி வயர்கிட்ட வைக்காதீங்க, மோட்டார் இழுக்கற கரண்டுக்கு வடக்கே மாறிப் போயிடும். அப்ப மறுபடியும் மூங்கில் கழியை எடுங்க.

பழைய_வயர்மேன் | திங்கள், காலை 6.30

எல்லாம் நன்று தம்பி. நேற்று கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவினாயா? கனெக்டரைத் திறந்து பார், பாசிட்டிவ் பின்னில் பச்சை பூத்திருக்கும்.

கூண்டுமீன் | திங்கள், காலை 6.52

அங்கிள், ஷிப்டுக்குக் கிளம்பிட்டு இருந்தேன். இப்பதான் போய்ப் பார்த்தேன். பூத்திருக்கு. அம்மா வாளி எடுத்துட்டு வர்றாங்க.

பழைய_வயர்மேன் | திங்கள், காலை 6.55

முதலில் பேட்டரியைக் கழற்று.

கூண்டுமீன் | திங்கள், காலை 6.56

கழட்டிட்டேன் அங்கிள்.